ஒரு உறுமலுக்கு வந்த கம்ப்ளெயின்ட்

1. முதல் நாள்

சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கும், ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகிற ஒரு நாய் போர்டிங்கில் சேர்ந்தேன். "இத்தனை நாள் பேரிங்கைப் பார்த்தீங்க, இனிமே நாயைப் பாருங்க" என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த பெல்ட் நல்லது, எந்த பிஸ்கட் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது செவலை என்கிற நாட்டு நாய். அவளை 'அது' என்று எழுத எனக்குக் கை வராது, மன்னிக்கவும்.

முதல் நாள் போனபோது பிங்கி என்று ஒரு நாய் கென்னல் கூண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. தெருவில் அடிபட்டதை யாரோ எடுத்து வளர்க்கிறார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான் தட்டைத் தட்டினேன், விசில் அடித்தேன், "வாடா கண்ணு" என்று கொஞ்சினேன். பயத்தில் அது இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"அண்ணா, நீங்க வெளியே வாங்க. செவலை பாத்துக்குவா" என்றார் ஓனர் மஞ்சுநாத். என்னைவிட இருபது வயது சின்னவர்.

செவலை உள்ளே போனாள். பிங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிப் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த வைத்தியம். ஒரு மணி நேரம் கழித்து பிங்கி எழுந்து வந்து அந்த முதுகை மோந்து பார்த்தது. அன்று சாயங்காலமே சோறு தின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டே நான் அழுதுவிட்டேன்.

2. கம்ப்ளெயின்ட்

செவலை இங்கே வருவதற்கு முன்னால் நாகரசம்பட்டியில், மஞ்சுநாத்தின் மாமா மாந்தோப்பில் சங்கிலியில் கிடந்தவள். நாலு வருஷம் அந்தச் சங்கிலி தாண்டி உலகம் பார்க்கவில்லை. இங்கே வந்தபிறகு குட்டிகளின் பேட்ச் எல்லாவற்றுக்கும் அவள்தான் பெரியவள்.

ஒரு நாள் ஓசூர் அப்பார்ட்மென்ட்டிலிருந்து தீபா மேடம் வந்தார். அவரிடம் நாலு மாத லேப்ரடார் குட்டி, பேர் கோகோ. குட்டியா அது, குட்டி யானை! செவலையின் காதைப் பிடித்துத் தொங்கியது. செவலை முகத்தைத் திருப்பினாள். நாக்கால் உதட்டை நக்கினாள். எழுந்து தள்ளிப் போனாள். கோகோ பின்னாடியே போய் மறுபடியும் காதைப் பிடித்தது. அப்போதுதான் உறுமினாள். அதற்கும் விடாததால் குட்டியின் மூஞ்சியை ஒரு நொடி வாயால் கவ்வி விட்டாள். பல் படவில்லை. கோகோ ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது.

"என் குழந்தையைக் கடிக்குது! இந்த மாதிரி தெரு நாயை ஏன் சார் வெச்சிருக்கீங்க?" என்றார் மேடம். குட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அன்றே நெட்டில் ஒரு ஸ்டார் போட்டு, நாலு பத்தி எழுதிவிட்டார்.

மஞ்சுநாத் போனை என்னிடம் நீட்டி, பாதிக் கன்னடத்தில் சொன்னார். "பேடப்பா, இந்தத் தொல்லையே வேணாம். இன்னொரு தடவை உறுமினா மாமா தோப்புக்கே அனுப்பிடறேன். பாத்துக்கோங்க அண்ணா."

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கம்பெனியில் கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தால் முதல் வேலை, தயாரிப்பு லைனை நிறுத்துவது. காரணம் பிறகு. பத்தொன்பது வருஷம் கையில் ஊறிய பழக்கம். செவலை சங்கிலிக்குத் திரும்பக்கூடாது என்ற பயம் வேறு. அவள் தொண்டையில் 'உர்' என்று ஆரம்பிக்கும்போதே "ஏய்!" என்று அதட்டி, வெளியே கூட்டிவந்து விடுவேன். இரண்டே வாரத்தில் உறுமலை விட்டுவிட்டாள். சபாஷ் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உறுமல் போனதும் குட்டிகளைத் தட்டிக்கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. செவலை மேலேயே ஏறி மிதித்தன. திரும்பவும் போர்டிங்குக்கு வந்த பிங்கியைக் கூட்டமாகத் துரத்தின. பிங்கி பழையபடி மூலைக்குப் போனது. செவலையோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் வருவாள், வாலைத் தாழ்த்தியபடி. அவளுக்கு வயசாகிவிட்டது என்று நான் நினைத்தேன். எவ்வளவு மண்டு நான்!

3. தீபா மேடம் திரும்பி வந்தார்

இரண்டு மாதம் கழித்து அதே கார் வந்து நின்றது. மேடத்தின் முகம் வாடியிருந்தது. கோகோ அப்பார்ட்மென்ட்டில் எந்த நாயைப் பார்த்தாலும் மேலே பாய்கிறதாம். ஒரு பெரிய நாய் காதைக் கிழித்துவிட்டது. தையலைக் காட்டினார்.

"போதும்னு மத்த நாய் சொல்றது இவனுக்குப் புரியவே மாட்டேங்குது சார். எங்க போய்க் கத்துப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. கற்றுக்கொடுக்க வந்தவளை வாயடைத்தவன் நான். அதை மேடத்திடமும் மஞ்சுநாத்திடமும் மறைக்காமல் சொன்னேன். "செவலை கடிக்கல மேடம். மூணு தடவை மரியாதையா சொல்லிட்டு, நாலாவதா அதட்டினா. நான்தான் அவளைத் தடுத்துக் கெடுத்துட்டேன். ஒரே ஒரு தடவை பாருங்க. தப்பா நடந்தா நானே அவளைத் தோப்புல விட்டுட்டு, நானும் வேலையை விட்டு நின்னுக்கறேன்."

மேடம் கம்பிவேலிக்கு வெளியே நின்றார். மஞ்சுநாத் கேட்டில் கை வைத்திருந்தார். கோகோ, இப்போது இரட்டை உடம்பு, ஓடிவந்து செவலை மேல் விழுந்தான். அவள் முகத்தைத் திருப்பினாள். உதட்டை நக்கினாள். தள்ளிப் போனாள். அவன் காதைப் பிடித்தான்.

செவலை உறுமவில்லை. வலியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

என் வாழ்க்கையில் எந்த மேனேஜரும் என்னை அப்படித் தலைகுனிய வைத்ததில்லை. தன் காதைக் காப்பாற்ற என்னிடம் அனுமதி கேட்கிறாள். என்ன சொன்னால் அவளுக்குப் புரியும்? தெரியவில்லை. மெல்லத் திரும்பி, அன்று பிங்கிக்கு அவள் காட்டிய மாதிரி, அவளுக்கு என் முதுகைக் காட்டி நின்றேன்.

பிறகு, அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது. கோகோ கத்தினான். "ஐயோ" என்று மேடம் வேலியைப் பிடிப்பது கேட்டது.

"அண்ணா, திரும்பிப் பாருங்க" என்றார் மஞ்சுநாத்.

கோகோ நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் மெதுவாக நடந்து வந்து அவள் பக்கத்தில் படுத்தான். அவள் அவன் தையலை நக்கிக்கொடுத்தாள்.

கோகோ ஒரு மாதம் எங்களிடம் இருந்தான். பிங்கியும் மூலையிலிருந்து வெளியே வந்தது. மேடம் அந்த ஒரு ஸ்டாரை எடுக்கச் சொல்லாமலே எடுத்தார். தோப்புப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். அமைதியான நாய் என்றால் உறுமாத நாய் என்று நினைக்காதீர்கள். எங்கே உறுமவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்த நாய். அது பேசும்போது குறுக்கே போகாதீர்கள். நான் போனேன். அப்படியும் செவலை என்னை மன்னித்து, இன்னொரு தடவை பேசினாள். அதற்கு அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.