தேளே இல்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டின் வெள்ளோட்டத்துக்குப் போயிருந்தேன்.

கப்பலுக்குத்தானே வெள்ளோட்டம், வீட்டுக்கு ஏது என்கிறீர்களா? என் மனைவியின் தம்பி ரகு கட்டியிருப்பது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மிதக்கும் வீடு! வெள்ளம் வந்தால் மூழ்காது, அப்படியே தண்ணீரோடு மேலே எழும்பும். மூங்கில் சுவர், கூரையில் சோலார் பேனல், அடியில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள். ‘சஸ்டெயினபிள்’ என்ற வார்த்தையை அவன் மூச்சு விடுகிற மாதிரி சொல்கிறான்.

ரகு திருப்பதியில் ஆர்க்கிடெக்ட். எங்கள் வீட்டு பால்கனியும் அவன் டிசைன்தான். இன்றைக்கும் மழை பெய்தால் பால்கனித் தண்ணீர் தெருவுக்குப் போகாது... நேராக எங்கள் ஹாலுக்கு வரும். தண்ணீருக்கும் அவனுக்கும் அப்படி ஒரு பந்தம்! இதை வெளியில் சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடைக்காது. எனவே, “பிரமாதம்டா!” என்று சொல்லிவிட்டு காரில் ஏறினேன்.

இடம், வடமாலபேட்டை தாண்டி ஓர் ஏரிக்கரைக் காலனி. கரை என்று சொல்வது மரியாதைக்கு. பாவம், காலனிக்காரர்களுக்கு ஏரிக்குள்ளேயேதான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏரி காய்ந்து கிடந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் கோடு போட்டிருப்பார். மழைக்கு அந்தக் கோடு தெரியுமா என்ன? ஒவ்வொரு பருவமழைக்கும் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போகிறது.

அன்றைக்கும் ஏரி காய்ந்துதான் கிடந்தது. மிதக்கும் வீடு கெட்டித் தரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பந்தல், ரிப்பன், கத்தரிக்கோல், ஒரு ஆபீசர்.

காலனி முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். ஆனால், ஆபீசர் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் பேசலாமா? ரகு மைக்கைப் பிடித்துத் தெலுங்கில் முழங்கினான்.

“இதி தேலே இல்லு!”

தெலுங்கில் ‘தேலே இல்லு’ என்றால் மிதக்கிற வீடு. இவர்களுக்கும் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால், வாடகை மைக் கரகரவென்று இழுத்ததில் எல்லார் காதிலும் சுத்தத் தமிழில் விழுந்தது... “தேளே இல்ல!”

அப்பப்பா, என்ன கைதட்டல்! விசில்கூடப் பறந்தது. ரகுவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் கைதட்டல், அதுவும் ஒரு தேளுக்கு!

கூட்டத்திலிருந்து மஞ்சுளா என்ற பெண் முன்னால் வந்தாள். மாம்பழ சீசனில் மாம்பழக்கூழ் கம்பெனியிலும் மற்ற நாளில் கழனியிலும் வேலை செய்கிறவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

“மெய்யாலுமா சார்? ஒரு தேளுகூட வராதா?”

ரகு விழித்தான்.

“போன மழையில ஊட்டுக்குள்ள தண்ணி வந்திச்சி சார். பொந்துல இருந்த தேளெல்லாம் செவுத்து மேல ஏறிக்கினு வந்து, பரண்ல படுத்துக்கினு இருந்த பாப்பாவ கொட்டிடுச்சி. இடுப்பளவு தண்ணியில தூக்கிக்கினு ஓடினோம். பொழச்சதே பெருசு. இந்த மழைக்கு இன்னா ஆவுமோன்னு வயித்துல நெருப்ப கட்டிக்கினு இருக்கேன்.”

“தேள் இல்லம்மா... தேல்! தேல்!” ரகு நாக்கை மடித்தும் நீட்டியும் காட்டினான். “வீடு மிதக்கும். தண்ணி வந்தா மிதக்கும்.”

“அப்போ தண்ணி வரும்?”

“வரட்டுமே. அதுதானே கான்செப்ட்!”

கைதட்டிய கைகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. மஞ்சுளா ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டைக் காட்டினாள். அரசாங்கப் புறம்போக்கு. தண்ணீர் ஏறாத இடம். அதைத்தான் இந்தக் காலனி வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.

“கான்செப்ட் எல்லாம் வோணாம் சார். அந்த மேட்டுல கொஞ்சம் எடம் குடுங்க. குடிச நாங்களே போட்டுக்கறோம்.”

ஆபீசர் மைக்கை வாங்கினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் சொன்னார். “இல்லே தேலுதுந்தி கதம்மா... அப்புறம் மேடு எந்துக்கு?”

வீடுதான் மிதக்கப்போகிறதே, மேடு எதற்கு? முடிந்தது கதை. இத்தனை வருடக் கோரிக்கைக்கு ஒரே வரியில் பதில்! மேட்டில் கையளவு மண் கேட்டால் ஆயிரம் விதி குறுக்கே வருகிறது. டிரம் மேல் வீடு என்றால் மட்டும் எந்த விதியும் வராதா? கொடுக்காமல் இருப்பதற்குக்கூட டிசைன் போட ஆரம்பித்துவிட்டோம்... அதுவும் சஸ்டெயினபிளாக!

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை காலையில் ரகுவின் போன்.

“மாமா, உடனே காரை எடுங்க. ஏரிக்குத் தண்ணி வந்துக்கிட்டிருக்கு!”

எனக்கும் உள்ளூர ஓர் ஆசை. எதற்கும் இருக்கட்டும், மிதக்கிறதா என்று பார்த்துவிடலாமே! போய் இறங்கினால், அங்கே மிதக்கும் வீட்டை டிரெய்லரில் ஏற்றி, டிராக்டரில் கட்டி, மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே தார்ப்பாய் வேறு.

“ஏன்டா, மிதக்க விடவேண்டியதுதானே?”

“விளையாடாதீங்க மாமா! பேட்டரி நனைஞ்சா போச்சு. பெரிய ஆபீசர் வந்து பார்க்கிற வரைக்கும் இதுல ஒரு கீறல் விழக்கூடாது. இப்போதைக்கு மேடுதான் சேஃப்.”

என்ன அழகாகச் சொன்னான் பாருங்கள்! மேடு யாருக்கு சேஃப் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டிராக்டர் வீட்டை மேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியது. கீழே காலனியில் தண்ணீர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது. சனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ரகு தார்ப்பாயைச் சரிபார்க்கப் போனவன் அலறினான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூங்கில் கதவு திறந்திருந்தது. உள்ளே மஞ்சுளா சம்மணம் போட்டு உட்கார்ந்து, “துன்னும்மா, துன்னு” என்று குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து குழந்தைகள்.

“இறங்கும்மா! இது டெமோ பீஸ். யாரும் குடியிருக்கிறதுக்கு இல்ல!”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினாள்.

“தண்ணி வந்தா இது மெதக்கும்னு நீங்கதான சார் சொன்னீங்கோ? மெதக்கட்டும்... எறங்கிடறேன்.”