பூஞ்சணம் பிழைக்க வேண்டும்

கோணல் எழுத்துக்கு மன்னியுங்கள். கை இப்போதுதான் பழகுகிறது. இரவுப் பள்ளிச் சுவரில் இதை நானே எழுதி ஒட்டுகிறேன்!

மருமகள் கனகா ஒரகடத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பாட்டில் கழுவுகிறாள். இன்று அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். அங்கே பின்கொட்டகையில் ஒரு தட்டுத் தவிடு பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. மாட்டுத் தீவனம்போல, தின்றால் கழியுமே என்று வெயிலில் பரப்பினேன்.

ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஓடிவந்தார். “ஐயோ பெரியவரே! அதை நாங்கதான் வளர்க்கிறோம். தவிட்டுல இருக்கிற அமிலத்தை அது ஐஸ்கிரீம் வாசனையா மாத்தும்!”

“இன்னா மாமா, என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே,” என்றாள் கனகா.

மோந்து பார்த்தேன். மெய்யாகவே ஐஸ்கிரீம்!

வெயில் பட்ட பூஞ்சணம் பிழைக்குமா என்று நாளைக்குத்தான் தெரியுமாம்.

நெல்லில் பூஞ்சணம் வரக்கூடாது என்று கும்பிட்ட கை, இன்று அது பிழைக்கக் கும்பிடுகிறது. எந்தச் சாமி கேட்கும்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.