ஐம்பது கிராம் குறைந்ததைக் கண்ட கை

பனங்காட்டு ஊரிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் தூத்துக்குடிக்கு வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. துறைமுகம் போகும் சாலையில் தகரம் போட்டுப் பலசரக்குக் கடை வைத்தேன். புயலில் தகரம் பறந்தது. மறுபடி போட்டேன். அப்புறம் கான்கிரீட்டே போட்டேன். கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மாடி. இரண்டு பிள்ளைகளும் பட்டதாரிகள். எல்லாம் இந்தக் கை செய்தது.

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிகளுக்கு அரிசி, பருப்பு, தேயிலை என் கடையிலிருந்துதான் போகும். நடுக்கடலில் தேயிலை தீர்ந்தால் தோணிக்காரன் யாரிடம் போய்க் கேட்பான்? அதனால் நிறுத்து முடித்த பிறகும் ஒரு சிறங்கை கொசுறு அள்ளிப் போடுவேன். தராசில் வைக்கும் முன்பே கை எடையைச் சொல்லிவிடும். ஊரே பார்த்த விஷயம் இது.

இன்று அந்த இடத்தில் செல்போன் கடை. வீட்டுச் சாமான்களை மருமகள் ஆன்லைன் சப்ஸ்கிரிப்ஷனில் போட்டுவிட்டாள். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். பலசரக்குக்காரன் வீட்டுக்குப் பெட்டியில் பலசரக்கா என்று முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். ஆனால் யாரும் நினைவுபடுத்தாமலே மாதா மாதம் மூன்றாம் தேதி பன்னிரண்டு சாமான்களும் வாசலில் வந்து நின்றபோது, மனதுக்குள் பாராட்டத்தான் செய்தேன். என் கடைப் பையன்கள் ஒருநாளாவது இப்படிச் சொன்ன தேதிக்கு வந்ததுண்டா?

தகராறு தேயிலையில் வந்தது.

"ஏளா, மாசம் முடிய இன்னும் மூணு நாளு கெடக்கு. டப்பா காலி. மாட்டுக்குத் தவிடு வைக்க மாதிரி அள்ளிப் போடுதியோ?" என்றாள் என் மனைவி.

"அதே கரண்டிதான் அத்தை."

"ஒங்க அம்மா வீட்டுல எல்லாருக்கும் கை பெருசு போலுக்கு."

இரண்டாம் மாதமும் இதே பேச்சு. மூன்றாம் மாதம் மருமகள் டீ குடிப்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டேன். "பாலே போதும் மாமா" என்றாள். என் நெஞ்சில் சுருக்கென்றது. ஏனென்றால், அந்தப் பாக்கெட் மூன்று மாதமாகவே என் கையில் லேசாகத்தான் தட்டுப்பட்டது. வயதாகிவிட்டது, கை எடை போய்விட்டது என்று நினைத்து, வெட்கப்பட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றே பரணிலிருந்து பழைய தராசை இறக்கினேன். ஒரு தட்டில் அரைக்கிலோ படிக்கல், மறு தட்டில் புதுப் பாக்கெட். பாக்கெட் மேலே போனது.

"தராசு துருப்பிடிச்சுக் கெடக்கு. அதக் கொண்டாந்து பஞ்சாயத்துப் பண்ணுதிய!" என்றாள் மனைவி.

மருமகள் நேரே அடுக்களைக்குள் போனாள். அவளுடைய மூளையை நான் மெச்சுவது இதற்காகத்தான். என் மனைவி கோலப்பொடி போட்டு வைத்திருந்த பழைய தேயிலைக் கவரை எடுத்து வந்து, புதுசோடு சேர்த்துப் பிடித்தாள். அதே பச்சை, அதே படம், அதே விலை. பழையதில் ஐநூறு கிராம். புதுசில், மடிப்புக்கு அடியில் எறும்பு எழுத்தில், நானூற்று ஐம்பது.

"நாம கொசுறு போட்டோம். இவனுவ கொசுறு எடுக்கானுவ" என்றேன்.

மனைவி அடுப்பைப் பற்ற வைத்தாள். கரண்டி குவியத் தேயிலை போட்டு, ஆற்றி, மருமகள் முன்னால் வைத்தாள். "குடிளா. ஆறிப்போவும்." அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்குமேல் மன்னிப்பு கிடையாது.

மருமகள் அதோடு விடவில்லை. பன்னிரண்டு சாமான்களையும் புரட்டிப் பார்த்தாள். சோப்பும் துணி பவுடரும்கூட இளைத்திருந்தன. அந்த மூன்றையும் நிறுத்திவிட்டு, எடை குறையாத ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டாள். கடையில் தினமும் கையில் வாங்கினால் கண் பார்க்கும், தானாக வருவதை யாரும் பார்ப்பதில்லை என்று அழகாக எழுதி, இரண்டு கவரையும் படம் பிடித்துத் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தெருவே அவளைப் புகழ்கிறது. "எம் மருமவ கண்டுபிடிச்சா" என்று என் மனைவியும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும், தகும்.

ஆனால் அந்தப் படத்தில் தராசு ஓரமாகத் தெரிகிறது. அதைப் பிடித்திருந்த என் கையை வெட்டிவிட்டாள். மூன்று மாதம் வாய் திறக்காதது என் தப்பு, அதையும் வேண்டுமானால் எழுதட்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும்: எடை குறைந்ததை முதலில் கண்டது மாமனாரின் கை.