ராமையா ஏறாத படகு

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நானும் ராமையாவும் ஒன்றாக வேலை செய்தோம். இங்கிலாந்துக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, தோட்டத்துக் குளக்கரையில் ஓர் ஓட்டை அலுமினியப் படகை விட்டுப் போயிருந்தார். அதை மீன்பிடிப் படகாக்க இருவருக்கும் ஆசை. ஞாயிறுதோறும் ஓட்டைகளில் தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்தேன். ராமையா பலாப் பலகையில் இருக்கைகள் செய்தான்.

வேலை முடியும் நேரத்தில், தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவன் குடும்பம் இந்தியாவுக்குப் போவது உறுதியானது. எனக்கு அவன்மேல் சொல்லத் தெரியாத கோபம். புறப்படுவதற்கு முந்தைய மாலை அவன் குளக்கரைக்கு வந்தான்.

"ஒரு சுத்து போயிட்டு வருவோமாடா?"

"பெயின்ட் இன்னும் காயலடா," என்றேன்.

பொய். அது காய்ந்து நான்கு நாளாகியிருந்தது.

அவன் படகைத் தடவிப் பார்த்தான். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"ஆமாடா, ஈரமாத்தான் இருக்கு," என்று சிரித்துவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்தான். நான் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. "மீனு மாட்டுச்சா?" என்று கேட்டிருந்தான்.

அன்று எனக்கிருந்தது கோபமில்லை. போகாதே என்று சொல்ல வாய் வராத தவிப்பு. அதையே பதிலாக எழுதினேன். பிறகு கடிதம் வரவில்லை. இன்றும் தபால்காரரைக் கண்டால் என் கால்கள் நின்றுவிடுகின்றன.