ராணியின் கொண்டை

எங்கள் லூனாஸ் பட்டணத்தில் நான் துணி வாங்கும் கடையின் முதலாளி மெலிந்த மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. கூட்டம் குறைந்தால் மேசைக்கடியிலிருந்து தகர டப்பாவை எடுப்பார். உள்ளே பழைய ரோமாபுரிக் காசுகள், எல்லாவற்றிலும் ராணிகளின் முகம். ஓரத்தை மட்டும் பிடித்துத்தான் தூக்குவார்.

"எழுத்து தேஞ்சு போனாலும், கொண்டை போட்டிருக்கிற விதத்தை வெச்சு எந்த ராணின்னு சொல்லிடலாம் தங்கச்சி" என்று எனக்கும் காட்டுவார்.

"டப்பாவுக்குள்ள இத்தனை பொண்டாட்டி இருக்காங்க, நான் எதுக்கு லா?" என்று அவர் மனைவி கேலி செய்வார்.

நோன்புப் பெருநாளுக்கு முந்தி ஒருநாள் போயிருந்தேன். முதலாளியின் மனைவி பித்தளைச் சாமான்களோடு டப்பாவிலிருந்த ஒரு காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார்.

"கறுப்பா கிடந்துச்சுங்க. இப்ப பாருங்க, தங்கமாட்டம்!"

முதலாளி வாங்கிப் பார்த்தார். காசு பளபளத்தது. கொண்டையும் இல்லை, கண்ணும் மூக்கும் இல்லை.

"நல்லா இருக்கு லா" என்றார்.

"அப்ப இன்னொன்னு குடுங்க."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் இதுங்களை ஆசையா தொட்டிருக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னொரு ராணியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அப்புறம் என் துணியை அளந்தார். அளவு தப்பி, மறுபடியும் அளந்தார்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பக்குவமாகச் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார். அந்த இரண்டாவது ராணியாவது மிஞ்சியிருப்பாள்.