மதகு வரைக்கும் நடை

மூலையில் விரித்திருந்த அந்தப் பச்சைப் பாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடைசிக் கொழுந்தன் நெஞ்சுவலியில் போன பிறகு, அவர் மனைவியான என் ஓரகத்தியை அதில்தான் உட்கார வைத்தோம். மூன்று மாதம் அவள் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மூத்த மருமகள் நான். வழக்கம் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு குடத்தைக்கூட அவளைத் தொட விடவில்லை. அதைப் பாசம் என்றே நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்த உடம்பு அவளுடையது. பாயில் உட்கார உட்கார அது வாடியது. முதலில் சாப்பாடு குறைந்தது, பிறகு பேச்சு, பிறகு தூக்கம். இரண்டாம் மாதம் ஒருநாள் சுவரைப் பார்த்தபடி, "தலைக்குள்ள மிஷின் ஓடிக்கினே கீதுக்கா" என்றாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரு விடியற்காலை பாய் காலியாகக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில்தான் ஏரி. ஓடுகிற வயதில்லை எனக்கு, ஆனாலும் ஓடினேன். தண்ணீரைப் பார்க்கப் பயந்து, பனி மூடிய கரையையே பார்த்துக்கொண்டு போனேன். மதகுப் பக்கமிருந்து ஓர் உருவம் விறுவிறுவென்று வந்தது. அவள்தான். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாத்துக்கு வந்தேன்னு கேக்காதக்கா. மதகாண்ட போறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்குச்சு. அதான் திரும்பி நடந்தேன். இது மூணாவது வாட்டி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலாவது முறை நானும் நடந்தேன்.

மறுநாள் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "புருசன் போயி மூணு மாசம் ஆவல, அம்மாவுக்குக் காத்து வாங்கணுமா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவட்டும் அத்தை. உன் புள்ளய நம்மால நிறுத்தி வெக்க முடியல. இவளயும் குந்த வெச்சே அனுப்பணுமா? வழி வுடு."

என்னை முறைத்துவிட்டு நகர்ந்தார்.

அவளை ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, நடையை மட்டும் விடாதே என்றார். பல நாள் அழுதுகொண்டேதான் நடந்தாள். பிறகு ஒருநாள் கரையிலேயே நின்று, பசிக்கிறது என்றாள்.

இப்போது பழையபடி வேலைக்குப் போகிறாள். என் முழங்கால் தேய்ந்துவிட்டது, தனியாகத்தான் நடக்கிறாள். மனசு கனக்கும் நாளில் மதகுக்கு இரண்டு முறை போய் வருவாள். நான் காரணம் கேட்பதில்லை. கரையில் அவள் தலை தெரிகிற வரைக்கும் வாசலை விட்டு உள்ளே போவதும் இல்லை.