சகலையின் வாளி

எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு மேலே, பலகையில் ஒரு வெள்ளை பெயிண்ட் வாளி உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் பஞ்சு, அதன்கீழ் குழம்புக்குப் போக மிஞ்சிய மட்டி ஓடுகள், அடியில் செங்கல் சில்லு. சின்ன மோட்டார் ஏற்றும் தண்ணீர் இவற்றைக் கடந்து தெளிந்து கீழே விழும். வருகிறவர்கள் எல்லாம் 'கண்ணாடி மாதிரி இருக்கே' என்கிறார்கள். எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

வாளி என் சகலை செய்தது. மனைவியின் தங்கை கணவன், இந்தத் தீவில், ஷாதிபூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த குழாய் வேலைக்காரன். நான் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். அப்போது இரண்டு வீட்டிலும் மீன் தொட்டி இருந்தது. என்னுடையதில் சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஃபில்டர். பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். தினமும் அதைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன், தண்ணீரோ கழுநீர்போலக் கலங்கியது. மிச்சக் குழாய்த் துண்டுகளை வைத்து செய்த இந்த வாளியால் அவன் தொட்டியில் மீன்கள் துள்ளி விளையாடின. மெயின்லேண்டிலிருந்து வந்த மாமனார் தங்கியது மூத்த மாப்பிள்ளையான என் வீட்டில். காப்பி குடித்த கையோடு போய் உட்கார்ந்தது அவன் தொட்டி முன்னால். "சின்னவருக்குக் கை பேசுது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு கல்யாணத்துக்காக அவர்கள் ஊருக்குக் கப்பல் ஏறியபோது சாவியை என்னிடம் தந்தான்.

"அண்ணே, வாளியை அலசினா கடல் தண்ணிலதான் அலசணும். செங்கல்ல பிடிச்சிருக்கிற வழவழப்புதான் தண்ணியைச் சுத்தம் பண்ணுது. குழாய்த் தண்ணி பட்டா எல்லாம் கதம்."

என் தொட்டி ஏன் கலங்கியது என்று அன்றுதான் புரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை அவன் வாளியை இறக்கி, குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு சில்லாகத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்தேதான் செய்தேன். அவர்கள் திரும்புவதற்குள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

"ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லப்பா" என்றேன். அவன் வாளிக்குள் கைவிட்டு ஒரு சில்லை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி உள்ளே போட்டான்.

"கோயி பாத் நஹி, பரவாயில்ல அண்ணே. கரண்ட் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வாளியைத் தோளில் சுமந்து வந்தான். "உங்க வீட்டுலயாவது ஓடட்டும்" என்று அவனே மாட்டினான். போகும்போது, "கடல் தண்ணிலதான் அலசணும் அண்ணே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கரண்ட் போனால் மீன் சாகும், செங்கல் வெளுக்காது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். வருஷங்கள் ஓடிவிட்டன, யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. முன்பு அவன் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவன் மனசைப் பார்த்து. இது அதைவிட மோசம்.

போன வாரம் வந்த விருந்தாளி ஒருவர் தொட்டியை வியந்தபோது சகலையும் பக்கத்தில் இருந்தான். "அண்ணன் நல்லாப் பார்த்துக்கிறாரு" என்றான்.

நான் எழுந்துபோய், அழுக்கே இல்லாத பஞ்சை இன்னொரு முறை கடல் தண்ணீரில் அலசினேன்.